உப்புநீர் விளக்கும் திமிங்கில எண்ணெயும்

வைகாசி பிறந்துவிட்டால் முல்லைத்தீவுப் பகுதி முழுவதும் வற்றாப்பளையை நோக்கித் திரும்பிவிடும். கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் இறங்கிக் கடல்நீர் எடுத்துவருவர். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரை விட்டு விளக்கேற்றுவர். எண்ணெயின்றி ஒரு வாரம் எரியும் அவ்விளக்குப் பின்னர் வற்றாப்பளைக்குச் செல்லும் என்பது வன்னி மக்களின் தலைமுறை தலைமுறையான நம்பிக்கை.

நீரில் விளக்கெரியுமா என்று வாதிடுவது நமது நோக்கமன்று. நம்மை ஈர்ப்பது வேறொன்று. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வன்னி உழவன், தன் பெருவிழாவின் ஒளிக்குக் கடலிடம் கையேந்துகிறான். கடலைப் பிறிதொரு சாதியின் தொழிற்களமென ஒதுக்காமல், தன் வாழ்வின் ஒரு பாதியென ஏற்றுக்கொள்கிறான். ஒரு குடம் நீர் எடுக்கிறான், கடல் குறைவதில்லை.

உலகின் மறுகோடியிலும் கடலிலிருந்து விளக்கெரித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் தெருவிளக்குகள் திமிங்கில எண்ணெயில் எரிந்தன. கலங்கரை விளக்கங்களுக்கும் செல்வர் வீட்டு மெழுகுவர்த்திகளுக்கும் திமிங்கிலமே உயிர் கொடுத்தது. 1859-இல் அமெரிக்காவில் நிலத்தடி எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டு, மண்ணெண்ணெய் மலிவாகும் வரை இந்நிலை நீடித்தது. அந்த எண்ணெயைத் தேடி அமெரிக்க, பிரித்தானிய வேட்டைக் கப்பல்கள் இலங்கைக் கடல்வரை வந்து எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கொன்றன.

அதே திமிங்கிலத்தை இன்று பணம் கொடுத்துப் பார்க்கப் போகின்றனர். நோர்வே, ஐஸ்லாந்து முதலிய குளிர்நாடுகளின் வடகரையெங்கும் திமிங்கிலம் காட்டும் படகுகள் ஓடுகின்றன. கொன்ற கை காட்டும் கையானது எவ்வாறு? அந்த மாற்றத்தில் கரையில் வாழ்ந்த ஏழை மீனவனுக்குக் கிடைத்த பங்கு என்ன? முல்லைத்தீவின் கரையில் நின்றுகொண்டு இக்கேள்விகளைக் கேட்பதில் பொருளுண்டு என்று நாம் கருதுகிறோம்.

குளிர்க்கரையின் கலகம்

நோர்வே நாட்டின் வடமுனையில் பின்மார்க் என்றொரு மாகாணம். குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிக்காத நிலம். மரம் அரிது, பயிர் அரிது. அங்கு மனிதரை வாழவைத்தது கடல் ஒன்றே. இளவேனிலில் கப்பெலான் என்னும் சிறுமீன் கூட்டங்கூட்டமாகக் கரையை அண்டிவரும். அதைத் தின்னக் கொட் என்னும் பெருமீன் பின்தொடரும். அந்தப் பெருமீனைத் தூண்டிலிட்டும் வலையிட்டும் பிடித்து ஏழை மீனவர் ஆண்டு முழுவதற்கும் உணவு தேடினர்.

1860-களில் அக்கரைக்கு ஸ்வென்ட் ஃபொய்ன் என்னும் தென்னோர்வேக் கப்பல் முதலாளி வந்துசேர்ந்தார். நீராவியால் ஓடும் விரைவுப் படகின் முனையில் பீரங்கி ஒன்றைப் பொருத்தி, நுனியில் வெடிகுண்டு கொண்ட ஈட்டியை எய்யும் முறையை அவர் செப்பனிட்டார். அதுவரை நீலத்திமிங்கிலத்தை எவராலும் பெருமளவில் வேட்டையாட இயலவில்லை. துடுப்புப் படகினால் எட்டிப் பிடிக்க முடியாத விரைவு அதற்கு இருந்தது. இறந்தால் பெரும்பாலும் மூழ்கிவிடும். நீராவியும் வெடிமருந்தும் அந்தப் பாதுகாப்பைத் தகர்த்தன. பின்மார்க் கரையெங்கும் திமிங்கில ஆலைகள் எழுந்தன. கொழுப்பு உருக்கப்பட்டது, எஞ்சிய பிணங்களால் கரை நாறிற்று. இலாபம் தெற்கே சென்றது.

மீனவர்கள் முறையிட்டனர். திமிங்கிலம்தான் சிறுமீனைக் கரைக்குத் துரத்துகிறது. அதைக் கொன்றொழித்தால் மீன் கரைக்கு வராது என்பது அவர்களின் அனுபவ முடிவு. அரசின் ஆலோசனைக்கு உட்பட்ட அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. பாமரனின் மூடநம்பிக்கை என்றே அது தள்ளப்பட்டது. மீனவரின் விளக்கம் முழுவதும் சரியா என்பதன்று இங்கே பிரச்சினை. கடலை நாள்தோறும் படித்தவன் சொன்ன சொல்லுக்குத் தலைநகரில் செவியில்லை என்பதே பிரச்சினை.

1903-ஆம் ஆண்டு இளவேனிலில் மீன் வரவில்லை, பசி வந்தது. மேஹாம் என்னும் சிற்றூரில் ஃபொய்னின் கம்பனிக்குரிய திமிங்கில ஆலை இருந்தது. யூன் மாதத் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர் அங்கு திரண்டனர். கப்பற்கயிறுகளைக் கட்டி இழுத்துக் கட்டடங்களைச் சாய்த்தனர், ஆலையைத் தரைமட்டமாக்கினர். அரசு படையினரை அனுப்பியது. ஆயினும் அரசால் முன்போல் இருக்க முடியவில்லை. 1904-இல் வடமாகாணங்களின் கரையில் பத்தாண்டு காலத்திற்குத் திமிங்கில வேட்டை தடைசெய்யப்பட்டது. 1903 தேர்தலிலேயே நோர்வே தொழிற்கட்சி முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் நுழைந்தது; அதற்கு வடபகுதி மீனவரின் வாக்குப் பெருந்துணையாயிற்று.

திமிங்கிலத்தைக் காத்த முதற் சட்டங்களுள் ஒன்றைப் பெற்றுத் தந்தவர்கள் பசித்த மீனவர்கள். இயற்கைப் பாதுகாப்பு என்பது வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் மேஹாமை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இரு முகாம்களின் குற்றம்

தடை கரையைக் காத்தது, திமிங்கிலத்தைக் காக்கவில்லை. மூலதனம் கப்பலேறித் தெற்கே போயிற்று. 1904-இன் இறுதியிலேயே அந்தாட்டிக்கை அருகிலுள்ள தென் ஜோர்ஜியாத் தீவில் நோர்வேக்காரரின் வேட்டைத் தளம் எழுந்தது. இப்பொழுது திமிங்கில எண்ணெய் விளக்கிற்கன்று, சவர்க்காரத்திற்கும் மார்ஜரீனுக்கும் தேவைப்பட்டது. முதலாம் உலகப்போரில் அதிலிருந்து பெற்ற கிளிசரீன் வெடிமருந்தாகவும் மாறிற்று. 1930-31 பருவத்தில் மட்டும் அந்தாட்டிக்கில் ஏறத்தாழ 29,000 நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இதுவரை சொன்னது முதலாளித்துவத்தின் கதை. கேட்பதற்கு நமக்குப் பழகிய கதை. இனிச் சொல்வது கசப்பானது. ஆயினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1963-க்கும் 1967-க்கும் இடையில் சோவியத்து யூனியனின் சிலாவா, சோவியத்ஸ்கயா உக்ராய்னா என்னும் வேட்டைக் கப்பலணிகள் அரபிக் கடலில் புகுந்து 3,339 திமிங்கிலங்களைக் கொன்றன. அவற்றுள் 1,294 நீலத்திமிங்கிலங்கள். 242 கூன்முதுகுத் திமிங்கிலங்கள். சர்வதேச ஆணைக்குழுவிற்கு உண்மைக் கணக்கு அனுப்பப்படவில்லை. எல்லாக் கடல்களையும் சேர்த்தால், 1948-க்குப் பின் சோவியத்துக் கப்பல்கள் மறைத்த எண்ணிக்கை ஏறத்தாழ 180,000. சோவியத்து யூனியன் மறைந்தபின், 1993-இல் உருசிய விஞ்ஞானி அலெக்சி யாபலக்கோவ் இதனை உலகிற்கு வெளிப்படுத்தினார். கப்பல்களில் பணிபுரிந்த விஞ்ஞானிகள் சிலர் உண்மைக் கணக்கைத் துணிவுடன் மறைத்துவைத்திருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று.

இத்தனை கொலை எதற்காக? அந்த நாட்டில் திமிங்கில இறைச்சிக்குப் பெருந்தேவை இருக்கவில்லை. திட்ட இலக்கு என்ற எண் இருந்தது. எண்ணை எட்டினால் பரிசு, எட்டாவிடில் கண்டனம். கடலில் உயிர் எஞ்சுகிறதா என்று திட்டத்தின் ஏட்டில் எவரும் கேட்கவில்லை. இலாபம் செய்ததை இலக்கு செய்தது. மக்களுக்குக் கணக்குக் காட்டாத எந்த அதிகாரமும், எந்தக் கொடியின் கீழ் நின்றாலும், கடலைக் கொள்ளையிடும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

அரபிக் கடலில் கொல்லப்பட்ட நீலத்திமிங்கிலங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. வட இந்துசமுத்திரத்து நீலத்திமிங்கிலங்கள் பருவந்தோறும் அரபிக் கடலுக்கும் இலங்கைக் கரைகளுக்கும் இடையே இடம்பெயர்கின்றன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கு விழுந்தவை நம் கரையோரம் நீந்திய கூட்டத்தின் உறவுகளே.

காணும் தொழில்

திமிங்கிலத்தைக் காணக் கட்டணம் வாங்கும் வழக்கம் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கிற்று. 1950-இல் அங்கு குன்றின்மேல் பார்வைமேடை அமைந்தது. 1955-இல் ஒருவர் தலைக்கு ஒரு டொலர் பெற்றுப் படகில் அழைத்துச் சென்றார். முப்பது ஆண்டுகளுக்குள் அது உலகத் தொழிலாகப் பரவிற்று.

1988-இல் நோர்வேயின் வடகரையில், அண்டெனெஸ் என்னும் மீனவ ஊரில் அத்தொழில் ஆரம்பமாயிற்று. அவ்வூரின் அருகிலேயே கடலடித்தரை பெரும்பள்ளமாக இறங்குகிறது. ஆழத்துக் கணவாயைத் தின்னும் எண்ணெய்த் திமிங்கிலம் ஆழத்தைத் தேடி அங்கு வருகிறது. எனவே சிறிது நேரப் பயணத்தில் அதைக் காண முடிகிறது. குளிர்காலத்தில் இன்னும் வடக்கே, ஹெரிங் மீனைத் தொடர்ந்து குடாக்களுக்குள் வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கப் பயணிகள் குவிகின்றனர். வேட்டையும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1993-இல் நோர்வே மிங்கி என்னும் சிறுவகைத் திமிங்கிலத்தின் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிற்று. ஒரே நாட்டின் கடலில் ஒரு படகு காட்டுகிறது; இன்னொரு படகு கொல்கிறது.

அந்தக் குளிர்க்கரையில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை வாசகர் அறிவர். நோர்வேக்கும் ஈழத்துக் கரைக்குமான உறவு அகதிகளுக்கு முந்தியது. 1956-இல் அந்நாடு சென்ற அன்ரனி இராஜேந்திரம் அங்குள்ளோரின் உதவி பெற்று, 1967-இல் காரைநகரில் சீநோர் நிறுவனத்தை உருவாக்கிப் படகு கட்டும் தொழிலை வளர்த்தார். 1980-களில் போரினால் துரத்தப்பட்டுச் சென்ற தமிழர் பலருக்குப் பின்மார்க்கின் மீன் ஆலைகளே முதல் வேலைத்தலங்கள் ஆயின. உள்ளூர் இளைஞர் தெற்கு நகரங்களுக்குப் போய்விட, பனிக்கட்டி நடுவே கொட் மீனைக் கீறித் தோலுரிக்கும் வேலையை நம் இளைஞர் செய்தனர். தம் கடலில் வலைவீசும் உரிமை இழந்தவர்கள், பிறர் கடலின் மீனை அறுத்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். 1903-இல் பசியால் கொதித்த அதே கரை!

பூட்டப்பட்ட கடல்

இனி நம் கரைக்குத் திரும்புவோம்.

சீசெல்ஸ் நாட்டின் முயற்சியால் 1979-இல் இந்துசமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் தொடர்ச்சியாக ஹால் வைட்ஹெட் என்னும் விஞ்ஞானியும் துணைவரும் தூலிப் என்னும் பாய்ப்படகில் வந்து, 1983-லும் 1984-லும் திருகோணமலைக் கடலில் ஆய்வு நடத்தினர். அண்டெனெசைப் போலவே திருகோணமலையிலும் கரையை ஒட்டியே ஆழ்பள்ளம் உண்டு. துறைமுக வாயிலுக்கு அருகிலேயே நீலத்திமிங்கிலங்கள் மூச்சு விடுவதை அவர்கள் பதிவுசெய்தனர். காட்டும் தொழிலும் அங்கே சிறு அளவில் தொடங்கியது. அப்படியாயின் அண்டெனெசுக்கு முன்னரே நம் கிழக்குக் கரையில் அத்தொழிலின் வித்து விழுந்திருக்கிறது. ஆனால் 1983 யூலைக்குப் பின் மூண்ட போரில் அது முளையிலேயே கருகிற்று.

திமிங்கிலப் பயணம் நின்றதா என்று அன்று எவர் வருந்தினர்? அதனினும் பெரியவை நின்றுபோயின. திருகோணமலைக்கு வடக்கே கொக்கிளாய் தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், கள்ளப்பாடு, முல்லைத்தீவு, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை என்று சுண்டிக்குளம் வரை நீளும் வன்னிக்கரை கரைவலைக்குப் பெயர்பெற்றது. சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாகும். மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடி அமைப்பர். வலையின் இரு கயிற்றையும் ஆணும் பெண்ணும் பற்றியிழுப்பர். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான அதே காலமே கிழக்குக் கடலில் திமிங்கிலத்தின் பருவமும் ஆகும். மனிதனும் அவ்வுயிரும் ஒரே காற்றின் ஒழுங்கில் வாழ்ந்தனர்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். வடக்குக் கடலில் மீன்பிடித் தடைகள் வந்தன. தூரமும் நேரமும் எரிபொருளும் கட்டுப்படுத்தப்பட்டன. கடலில் ஒரு விளக்கு தெரிந்தால் அது மீனவனா போராளியா என்று கேட்குமுன் வெடி தீர்ந்தது. 2004 டிசம்பர் 26-இல் அதே கடல் எழுந்து முல்லைத்தீவு நகரை வாரிக்கொண்டு போயிற்று. 2009-இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்கரையில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்கப்பட்டு எறிகணைக்கு இரையாயினர். அந்த மாதங்களில் அக்கரைக்கு வந்த கப்பல், காயமுற்றோரை ஏற்றிச்செல்லச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய கப்பல். புதுமாத்தளனிலிருந்து திருகோணமலைக்குச் சென்ற அதன் பாதை, கால் நூற்றாண்டுக்கு முன் விஞ்ஞானிகள் திமிங்கிலத்தைப் பின்தொடர்ந்த கடலை நோக்கியே இறங்கிற்று. பருவமும் அதே பருவம். அக்கப்பலில் கிடந்தவர்களுள் கடலைப் பார்க்கத் தலைதூக்கியவர் எத்தனை பேர் இருப்பர்?

பார்த்தல் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, கண்டு மகிழ்தல். மற்றொன்று, கண்காணித்தல். கால் நூற்றாண்டுக் காலம் வன்னிக் கடல் இரண்டாம் பொருளிலேயே பார்க்கப்பட்டது. போர் முடிந்தபின்பும் வட்டுவாகலில் மக்களின் காணியில் கடற்படைத்தளம் எழுந்தது; அக்காணிகளை அளந்து சுவீகரிக்க அதிகாரிகள் வந்தபோதெல்லாம் மக்கள் மறித்து நின்றனர். 2018 ஆகஸ்டில், வெளியிடத்து மீனவரின் தடைசெய்யப்பட்ட தொழில்முறைகளை எதிர்த்து முல்லைத்தீவு மீனவர் போராடியபின், நாயாற்றில் அவர்களின் படகுகளும் வலைகளும் வாடிகளும் எரிக்கப்பட்டன. தென்னிந்திய இழுவைப்படகுகள் வடகடலின் அடித்தரையை வாரிச்சென்றன. அந்தப் படகின் கூலித்தொழிலாளியும் ஏழையே. அவனையும் நம் மீனவனையும் மோதவிட்டுப் படகுச் சொந்தக்காரன் கரையில் இருந்தான்.

எவர் காட்டுவது? எவர் காண்பது?

தெற்கே மிரிஸ்ஸவில் கதை வேறுவிதமாக நடந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு திமிங்கிலம் காட்டும் தொழில் வளர்ந்து உலகப்புகழ் பெற்றது. இலாபம் தெரிந்ததும் படகுகள் பெருகின. ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் துரத்தும் அவலமும் நேர்ந்தது. 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாதென 2012-இல் விதி செய்யவேண்டி வந்தது. தென்முனையை ஒட்டிய பெருங்கப்பற் பாதையில் நீலத்திமிங்கிலங்கள் மோதுண்டு இறந்தன. பாதையைச் சிறிது தெற்கே தள்ளுமாறு அறிஞர் பல்லாண்டு கேட்டபின், 2022-இல் பெருங்கம்பனி ஒன்று தன் கப்பல்களைத் தானாகவே விலக்கிக்கொண்டது. போருக்குப்பின் கடற்படையும் திமிங்கிலம் காட்டும் பயணங்களை நடத்திற்று. கண்காணித்த கப்பலே காட்டும் கப்பலாவதை வரலாற்றின் முரண்நகை என்றுதான் சொல்லவேண்டும்.

திருகோணமலையில் அப்பயணங்கள் மீண்டும் தொடங்கிவிட்டன. அது மெல்ல வடக்கே பரவி முல்லைத்தீவுக் கரையையும் ஒருநாள் எட்டலாம். முல்லைத்தீவில் கண்டமேடை அகன்றது. ஆழம் கரையிலிருந்து எட்டவே தொடங்குகிறது. எனவே திருகோணமலையைப் போல் எளிதில் காண இயலாது. ஆயினும் சுற்றுலா மூலதனம் திமிங்கிலத்தை மட்டும் தேடி வருவதில்லை. வெறும் மணற்கரையையும் அது தேடும். அப்பொழுது நமது கேள்வி, திமிங்கிலம் வருமா என்பதன்று. அப்படகு யாருடையது என்பதே.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. நியூசிலாந்தின் கைகோராக் கரையில் மாவோரிப் பழங்குடிகள் வேலையின்றி வாடினர். 1987-இல் அவர்களுள் சில குடும்பங்கள் தம் வீடுகளை ஈடுவைத்துக் கடன்பெற்று, ஒரு சிறு படகில் எண்ணெய்த் திமிங்கிலம் காட்டத் தொடங்கின. அங்கும் கரையருகே ஆழ்பள்ளம் உண்டு. அத்தொழில் வளர்ந்து அவ்வூரையே தூக்கி நிறுத்திற்று. உரிமை அக்குடியிடமே இருந்தது. தம் மூதாதையர் கதைகளில் வரும் உயிரை அவர்கள் தம் மொழியில், தம் பெயரிட்டுக் காட்டினர். வெளியிலிருந்து வந்த முதலாளியின் படகில் கயிறு பிடிக்கும் கூலியாக அவர்கள் நிற்கவில்லை.

நமக்கும் அத்தகைய மரபுரிமை இல்லாமலில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை பேசுகிறது. 1929-இல் தீவகத்து வேலணைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறுதிமிங்கிலங்கள் ஒதுங்கியதை நூதனசாலையார் பதிவுசெய்தனர். 2016 சனவரியில் தமிழகத்து மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கு மேற்பட்டவை ஒதுங்கியபோது, மீனவர் இடுப்பளவு நீரில் நின்று அவற்றை மீண்டும் மீண்டும் கடலுக்குள் தள்ளினர். அவை மீண்டும் மீண்டும் திரும்பி வந்தன. அந்த மீனவரிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை. அவர்களும் எவரிடமும் கூலி கேட்கவில்லை. கடலோடு கூடிப் பிறந்த பொறுப்பு அது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. கரைக்காணி கரையாரிடம் திரும்பவேண்டும். அத்துமீறும் இழுவைப்படகும் தடைசெய்த வலையும் ஒழியவேண்டும். கடல் பற்றிய எத்திட்டமாயினும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் சொல்லைக் கேட்டபின்னரே ஏடேறவேண்டும். அதன்பின் திமிங்கிலம் காட்டும் படகு வருமாயின், அதன் சுக்கானைக் கள்ளப்பாட்டு இளைஞன் பிடிக்கட்டும். அதன் கணக்கேட்டைச் சிலாவத்தைப் பெண் எழுதட்டும். ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வன்னிப் பள்ளிகளின் மாணவர் எத்தனையோ பேர் தம் கடலை எறிகணையும் பேரலையும் வந்த திசையாகவே அறிவர். அதன் உயிர்களின் பெயரையும் காற்றின் பருவத்தையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

மேஹாம் மீனவர் ஓர் ஆலையைச் சாய்த்தது திமிங்கிலத்தின்மீது கொண்ட கருணையால் மட்டுமன்று. தம் பசிக்கும் அதன் சாவுக்கும் காரணம் ஒன்றே என்று கண்டதால். அந்தக் கண் நமக்கும் வேண்டும். அது வாய்க்கும்வரை வைகாசியில் கடல்நீர் எடுக்கச் செல்வோர் கரையில் ஒரு கணம் நின்று, அந்த நீருக்கு அப்பால் நோக்கட்டும். அங்கே நம் உறவுகளின் சாம்பலும் உண்டு. மூச்செடுக்க மேலெழும் உயிரும் உண்டு. ஒரு குடம் நீர் மட்டும் எடுத்துத் திரும்பும் அந்தப் பழைய ஒழுக்கத்திலிருந்தே புதிய கடற்சட்டம் எழுதப்படவேண்டும்.